சிற்றலையில் அவையறிதல்

ஆயிரம் பேர் ஒரே நொடியில் தத்தம் பெயரைக் கூவினால் கேட்பவர் காதில் எந்தப் பெயரும் விழாது. இரைச்சல் மட்டுமே விழும். அமெச்சூர் வானொலிக்காரர்கள் இந்த இரைச்சலுக்குப் ‘பைல்-அப்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். உலகின் எட்டாத மூலை ஒன்றிலிருந்து ஒரு நிலையம் குரல் கொடுக்கிறது, அதனோடு ஒருமுறையேனும் பேசிவிட வேண்டும் என்று கண்டந்தோறும் ஆட்கள் காத்திருக்கிறார்கள், ‘யார் அழைப்பது?’ என்று அது கேட்ட மறுகணம் அத்தனை பேரும் ஒருசேர விடையிறுக்கிறார்கள். தமிழில் குவியல் எனலாம். நெல் குவிந்தால் அளந்து பிரிக்கலாம். குரல் குவிந்தால் பிரிப்பது எங்ஙனம்? காவலரோ நடுவரோ இல்லாத ஓரிடத்தில் இக்கேள்விக்குச் சிலர் கண்டிருக்கும் விடை, இலக்கிய வாசகர்களுக்கும் சுவையாக இருக்கும் என்பது நம் எண்ணம்.

இத்துறைக்குப் புதியவர்களுக்காக இரண்டொரு சொல். அரசுத் தேர்வெழுதி உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக்குறியுடன், காசு வாங்காமல், சொந்தக் கருவியைக் கொண்டு வானலையில் பேசிக்கொள்ளும் தனியாட்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ‘ஹாம்’ என்பது அவர்களுக்கு வழங்கும் செல்லப்பெயர். தொலைதூர நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் வேட்டைக்கு ‘டிஎக்ஸ்’ என்று பெயர். அமெரிக்க அமெச்சூர் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். இதற்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நாடுகளும் தனித்தீவுகளுமாக இன்று அதில் 340 இடங்கள். நூறைப் பிடித்தால் சான்றிதழ் கிடைக்கும். முந்நூறைத் தாண்டியவருக்கு எஞ்சுபவை சில பாறைகளும் பனித்தீவுகளும் கதவடைத்த நாடுகளுமே. பழைய புத்தகக் கடைகளில் ‘எழுத்து’ இதழின் விடுபட்ட ஓர் எண்ணைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களை நாம் அறிவோம். இதுவும் அதே நோய்தான்.

பேசுவது என்றதும் அளவளாவுதல் என்று எண்ணிவிடக் கூடாது. அழைப்புக்குறி, ‘ஐந்து ஒன்பது’ என்னும் மதிப்பெண், ஒரு நன்றி. ஐந்தாறு நொடிகளில் முடிந்துவிடும். ஐந்து என்பது குரலின் தெளிவுக்கு, ஒன்பது வலிமைக்கு. ஈனக்குரலாகக் கேட்டாலும் ஐந்து ஒன்பது என்றே சொல்வார்கள். கல்யாண வீட்டில் ‘சாப்பாடு பிரமாதம்’ என்கிறோமே, அது போல.

அந்த ஐந்தாறு நொடிகளின் விலை மறுமுனையில் இருப்பவருக்குத்தான் தெரியும். தமிழ்க் காதுக்குப் பூவாக ஒலிக்கும் ‘பூவே’ தீவு தென் அட்லாண்டிக்கில் நார்வேக்கு உரியது. பெரும்பகுதி பனியாறுகளால் மூடப்பட்டது. மனிதர் எவரும் வாழாதது. 2018இல் அங்கே சென்ற ஒரு குழு தீவைக் கண்ணால் கண்டும், மோசமான வானிலையாலும் கப்பலின் எஞ்சின் பழுதாலும் கால்பதிக்காமலே திரும்பியது. 2023 பிப்ரவரியில் மற்றொரு குழு ரப்பர் படகில் நெருங்கி, உறைகுளிர் நீரில் இறங்கிக் கரையேறித்தான் அங்கிருந்து குரல் கொடுத்தது. 1983 ஏப்ரலில் ஸ்ப்ராட்லி தீவுகளை நோக்கிப் பாய்மரப் படகில் சென்ற ஜெர்மானிய அமெச்சூர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, படகு எரிந்தது, எஞ்சியோர் சிறு தோணியில் பத்து நாட்கள் கடலில் மிதந்தனர். இருவர் உயிரோடு திரும்பவில்லை. இத்தனைக்கும் பிறகு ஒலிவாங்கியின் முன் அமரும் ஒருவரின் ஒரு மணி நேரத்தை எவரோ ஒருவர் தம் நாற்காலியில் சாய்ந்தபடி வீணடிக்கலாமா? இவ்வுலகின் மரியாதைகள் அனைத்தும் இக்கேள்வியிலிருந்தே கிளைப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

அந்தமானின் கதை வேறு. அங்கே மக்கள் உண்டு, கப்பல் உண்டு, விமானம் உண்டு. தமிழரும் கணிசமாக உண்டு. இல்லாதிருந்தது அனுமதி. 1987க்குப் பிறகு பல ஆண்டுகள் அத்தீவுகளிலிருந்து அமெச்சூர் குரல் ஒலிக்கவில்லை. சென்னையிலிருந்து இரண்டு மணி நேர விமானத் தொலைவில் இருக்கும் போர்ட் பிளேர் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அதே ஊர்) உலக அமெச்சூர்களின் ஏக்கப் பட்டியலில் பனித்தீவுகளோடு சேர்ந்து நின்றது. பாரதி பிரசாத் என்னும் பெண்மணி விடாது முயன்று அனுமதி பெற்றார். 2004 டிசம்பர் தொடக்கத்தில், தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவோடு அங்கே நிலையம் அமைத்தார். வி.யூ.4.ஆர்.பி.ஐ. என்னும் அழைப்புக்குறி எழுந்ததும் குவியலும் எழுந்தது.

அப்போது நாம் முதுகலை மாணவர். உரிமம் பெற்ற நண்பர் ஒருவரின் மாடியறையில் அந்த டிசம்பரின் சில மாலைகளைக் கழித்தோம். அரிய நிலையம் பேசுவது ஓர் அதிர்வெண்ணில். அழைப்பவர்களைக் கேட்பது அதற்குச் சில கிலோஹெர்ட்ஸ் மேலே. ‘மேலே ஐந்து முதல் பத்து’ என்று அது அறிவிக்கும். எல்லாரும் அதன் அதிர்வெண்ணிலேயே கத்தினால் அது யாருக்கு விடை சொன்னது என்பது யாருக்கும் கேட்காது; கேட்காதவர்கள் மீண்டும் கத்துவார்கள். ஆகவே அந்த ஒரு கோட்டைத் தூய்மையாக வைத்திருப்பதே அறம். நண்பர் முதல் அரைமணி நேரம் பேசும் பொத்தானைத் தொடவே இல்லை. குமிழைத் திருகித் திருகி, இப்போது விடை பெற்றவர் எந்த இடத்தில் நின்று அழைத்தார், அடுத்தவர் எங்கே நின்றார் என்று தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணியின் காது ஒவ்வொரு விடைக்குப் பின்னும் சற்றே மேல்நோக்கி நகர்கிறது என்று கண்டுகொண்ட பிறகு, அது வந்து சேரக்கூடிய இடத்தில் நின்று தம் குறியை ஒரே ஒருமுறை முழுமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு மௌனமானார். அந்த மௌனந்தான் பலருக்குக் கைவருவதில்லை. மூச்சு விடாமல் தம் குறியையே சொல்லிக்கொண்டிருப்பவர், தமக்கே விடை வந்தாலும் அறியமாட்டார். சிலர் அந்நிலையம் தம் கருவியில் கேட்கவே கேட்காத நிலையிலும், இணையத்தில் யாரோ இட்ட குறிப்பை நம்பி அழைத்துக்கொண்டிருப்பார்கள். இவர்களைக் குறித்து நண்பர் சொன்ன சொற்களை இங்கே அச்சிட இயலாது.

நிலையம் சில வேளை ஒரு குறியின் பாதியை மட்டும் பிடிக்கும். ‘…ரோமியோ இந்தியா, மறுபடி?’ என்று கேட்கும். தம் குறியில் அவ்விரண்டு எழுத்துகளும் உடையவர் மட்டுமே இப்போது வாய் திறக்கலாம். வருகைப் பதிவின்போது எண் 14ஐ அழைத்தால் பதினான்குதான் ‘உள்ளேன் ஐயா’ என வேண்டும். ஆனால் இருபத்தொன்றும் முப்பதும் சேர்ந்து கூவும். இங்கே அரிய நிலையத்துக்கும் ஒரு கடமை உண்டு. பாதி பிடித்தவரை முழுதாகப் பிடிக்கும்வரை விடக் கூடாது. ‘சரி, உரக்கக் கத்துகிறாரே, அவரை முடித்து அனுப்பிவிடுவோம்’ என்று ஒருமுறை இணங்கினால் போதும், கத்தினால் கிடைக்கும் என்ற பாடத்தை அந்தக் கூட்டம் முழுவதும் படித்துவிடும். இதை வகுப்பறையில் இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் கடுமையான சோதனை ஒன்று உண்டு. அந்தமானிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு மிகக் குறுகிய வழி ஏறக்குறைய வட துருவத்தின் மீதே செல்கிறது. துருவ ஒளி தோன்றும் வட்டாரங்களைக் கடக்கும் அலை நலிந்துபோகும். வழி திறந்திருக்கும் நேரமோ குறைவு. ஐரோப்பியர்கள் அருகில் இருப்பவர்கள், எண்ணிக்கையில் மிக்கவர்கள், குரலும் வலியது. எனவே நிலையம் ‘இப்போது வட அமெரிக்கா மட்டும்’ என்று அறிவிக்கும். அறிவித்த உடன் இத்தாலியிலும் உக்ரைனிலும் இந்தியாவிலும் இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதிரே உணவு; பசி; ஆனால் பரிமாறப்படுவது வேறு பந்திக்கு. மூடாதவர்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் மூடிக்கொண்டார்கள் என்பதே வியப்பு. அமைதி இறங்கிய பிறகு, குகைக்குள்ளிருந்து வருவது போன்ற நடுக்கத்தோடு ஓர் அமெரிக்கக் குரல் கேட்டது. அதற்கு அந்தமான் விடை சொன்னதைக் கேட்டபோது, ஏன் என்று தெரியாமல் நாமும் நண்பரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

தாமாகவே காவலர் வேடம் பூணுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் கருவியை ஒழுங்காக அமைக்காமல் அரிய நிலையத்தின் அதிர்வெண்ணிலேயே அழைத்துவிடுகிறார். உடனே பத்துப் பேர் அதே இடத்தில் ‘மேலே போ, மேலே போ’ என்று அதட்டுகிறார்கள். தவறு செய்தவரின் குரல் மூன்று நொடி. திருத்தியவர்களின் குரல் ஒரு நிமிடம். சிலருக்கு வேண்டுமென்றே இடையூறு செய்வதே இன்பம். அவர்களுக்கு வேண்டியதும் இந்த அதட்டல்தான். இவ்விரு சாராருக்கும் வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து விடையளிக்காமை. ‘சத்தம் போடாதீர்கள்’ என்று சத்தம் போடும் கருத்தரங்குகள் நமக்குப் புதியவை அல்லவே.

வள்ளுவர் ‘கேள்வி’யை அரசியலில் 42ஆம் அதிகாரமாகவும், ‘சொல்வன்மை’யை அமைச்சியலில் 65ஆம் அதிகாரமாகவும் வைத்தார். அரசனுக்குக் கேட்டல், அமைச்சனுக்குச் சொல்லல் என்று இவ்வைப்பு முறையை நாம் விளக்கும்போது மாணவர்கள் கொட்டாவி விடுவது வழக்கம். ஓர் ஆண்டு பைல்-அப் ஒலிப்பதிவு ஒன்றை வகுப்பில் போட்டுக் காட்டினோம். அன்று எவரும் கொட்டாவி விடவில்லை. ‘ஐயா, இதில் அரசன் யார்?’ என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. ஜோர்தான் மன்னர் உசேன் ஜே.ஒய்.1 என்னும் குறியோடு சிற்றலைக்கு வந்தபோது வெறும் உசேனாகவே பேசினார் என்று சொல்லிவைத்தோம்; அது அந்தக் கேள்விக்கு முழு விடை ஆகாது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. காலை ஆறரை மணியளவில் சுமத்ராவின் கடற்பகுதியில் நிலம் அதிர்ந்தது. பின்னர் கடல் வந்தது. தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. ஐந்து ஒன்பது சொல்லிக்கொண்டிருந்த குழு வேட்டையை நிறுத்தியது. அதே கருவிகள், அதே ஆன்டெனாக்கள், அதே மனிதர்கள் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தத் தொடங்கினார்கள். இன்னார் நலம் என்ற ஒற்றை வரிக்காக இக்கரையில் குடும்பங்கள் தவித்திருந்த நாட்கள் அவை. நெருக்கடிச் செய்திக்கு மற்ற அனைத்தும் வழிவிட வேண்டும் என்பது அமெச்சூர் உலகின் முதன்மையான விதி.

அந்த நாட்களில் உலகின் ஏதோவொரு மூலையில் ரிசீவரின் முன் அமர்ந்திருந்த ஒருவரை நாம் அவ்வப்போது எண்ணிப் பார்ப்பதுண்டு. பதினேழு ஆண்டுகளாக அந்தமானுக்காகக் காத்திருந்தவர். டிசம்பரின் முதல் மூன்று வாரங்களிலும் குவியலில் அமிழ்ந்து தோற்றவர். இப்போது அந்தமான் தெளிவாகக் கேட்கிறது, குவியல் இல்லை, போட்டி இல்லை. பொத்தானை அழுத்தித் தம் குறியை ஒருமுறை சொன்னால் போதும், ஐந்து நொடி. அவர் அழுத்தவில்லை. குறிப்பேட்டில் அவ்விடம் வெறுமையாகவே இருந்தது. இப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்குப் பதிவு இருக்க முடியாது. பேசியவர்களுக்குத்தான் பதிவு உண்டு. வேட்டையின்போது பந்திக்கு வெளியே நிற்கப் பழகியவர்களே அப்போதும் நின்றிருப்பார்கள் என்று நாம் நம்புகிறோம்.

பின்னர் 2006 ஏப்ரலில் போர்ட் பிளேரில் அமெச்சூர்கள் கூடினார்கள். வெளிநாட்டவருக்கும் அங்கிருந்து பேச இடம் கிடைத்தது. இன்று அந்தமான் முன்போல அத்தனை அரிதன்று. 2017இல் வந்த எஃப்.டி.8 என்னும் எண்மமுறை ஆட்டத்தையே மாற்றிவிட்டது. இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கியது. பதினைந்து நொடிக்கு ஒரு முறை கணினிகள் குறிகளைப் பரிமாறிக்கொள்ளும். இரைச்சலில் புதைந்த குறியையும் மென்பொருள் தோண்டி எடுக்கும். முறை வைத்து அழைக்கும் வேலையில் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்கிறது. சிறிய ஆன்டெனாக்காரர்களுக்கு இது பெரும் வரம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே ‘வட அமெரிக்கா மட்டும்’ என்றதும் இறங்கும் அந்த அமைதியைக் காதால் கேட்க முடியாது. அதை இழப்பு என்றே கருதுகிறோம், நண்பர் உடன்படுவதில்லை.

நண்பரின் கருவியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டோம். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்’. எளிதில் கிடைக்கும் உதிரிகளைக் கொண்டு, கம்பிச்சுருள் சுற்றக் குழாய் வாஷரைக்கூடப் பயன்படுத்தி, வீட்டிலேயே செய்துகொள்ளக் கூடியது. ஆற்றல் ஆறு வாட். அமெரிக்காவில் 1500 வாட் வரை அனுமதி. 2004இல் அவருடைய அந்த ஒற்றை அழைப்புக்கு விடை வரவில்லை, மறுநாளும் வரவில்லை. 2006இல்தான் கிடைத்தது, கூட்டம் கலைந்துகொண்டிருந்த ஒரு பின்மாலையில், இரண்டாம் அழைப்பிலேயே. உறுதிப்படுத்தும் அட்டை தபாலில் வந்து சேர மேலும் பல மாதங்கள் ஆயின.