மறக்கப்பட்ட மனிதன்

பணக்காரர்கள் கூடி ஒரு விளையாட்டு. யாருக்கும் வேண்டாத பொருள்களைத் தேடிப் பிடித்து வர வேண்டும். ஒருத்தி ஆட்டை இழுத்து வருகிறாள். பட்டியலில் 'மறக்கப்பட்ட மனிதன்' ஒருவனும் உண்டு. வேலை போய் நியூயார்க் குப்பைமேட்டில் கிடப்பவன்!

கிரிகோரி லா காவாவின் 'மை மேன் காட்ஃப்ரே' (1936) இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஐந்து டாலர் தருகிறேன், வா என்கிறாள் அக்கா. காட்ஃப்ரே முறைத்தபடி நெருங்க, பின்வாங்கிச் சாம்பலில் விழுகிறாள். அசட்டுத் தங்கை ஐரீனுடன் போய் அந்த வீட்டுக்கே பட்லர் ஆகிறான். வீடா அது! லைப்ரரியில் குதிரை. அம்மாவின் செல்லப்பிள்ளை ஒருவன் கொரில்லா மாதிரி தாவிக் காட்டுகிறான். அப்பா பில் கட்டியே நொந்துபோயிருக்கிறார்.

ஜோடியாக நடித்த வில்லியம் பவலும் கரோல் லொம்பார்டும் நிஜத்தில் 1933-லேயே விவாகரத்தானவர்கள். நடிப்புக்கான நான்கு பிரிவுகளிலும் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் படம் இது. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

சிரித்து முடித்ததும் உங்களுக்கு ஒன்று உறுத்தும். காட்ஃப்ரே உண்மையில் பாஸ்டன் பணக்கார வீட்டுப் பையன். திரும்பிப் போக அவனுக்கு ஒரு வீடு இருந்தது. பக்கத்துக் குடிசைக்காரர்களுக்கு? குப்பைமேட்டில் நைட் கிளப் கட்டி அவர்களுக்கு வேலை தருகிறான். சினிமாத் தீர்வுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பணம் வந்த பிறகு பழைய இடத்துக்குத் திரும்பி வந்தான் பாருங்கள், அதற்காகவே மறுபடி பார்க்கலாம்.