படிக்கத் தெரியாத தாயின் மகன்

பிரெஞ்சு இலக்கியம் என்றாலே பாரிசு நகரத்துப் பளபளப்பு என்றெண்ணியிருந்தேன். ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' அவ்வெண்ணத்தைக் கலைத்தது. பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாக்கியவர் வெ. ஸ்ரீராம், க்ரியா வெளியீடு, 1980.

காம்யு 1913-இல் அல்ஜீரியாவில் பிறந்தார். மறு ஆண்டே தந்தையைப் போர் கொண்டுபோயிற்று. தாய் எழுத்தறியாதவர், காதும் மந்தம். பிறர் வீடு கூட்டித் துடைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். ழெர்மேன் என்ற ஆசிரியர் கைகொடுத்திராவிட்டால் சிறுவனின் படிப்பு தொடக்கப்பள்ளியோடு நின்றிருக்கும். பிறகு நாவல்கள், 'கலிகுலா' போன்ற நாடகங்கள். ஸ்பானிய நாடகங்களையும் மொழிபெயர்த்து மேடையேற்றினார். 1957-இல் நோபல் பரிசு. செய்தி கேட்டதும் நினைத்தது தாயை, அடுத்து உங்களை என்று அந்த ஆசிரியருக்கே கடிதம் எழுதினார்.

வேங்கிக்காலில் என் அம்மாவும் கைநாட்டுதான். நம் வகுப்பில் பலர் வீட்டிலும் அப்படியே. நான் எழுதியதை வாசித்துக் காட்டினால், "நல்லாத்தான் இருக்கு, சாப்பிட வா" என்பார்.

1960 ஜனவரியில் காம்யு கார் விபத்தில் மாண்டபோது, முற்றுப்பெறாத 'முதல் மனிதன்' நாவலின் கையெழுத்துப் படி உடனிருந்தது. அதை ஒருநாளும் படிக்க இயலாத தாய்க்கே அதனைக் காணிக்கையாக்கியிருந்தார். நூலாக வந்தது 1994-இல்தான்.

இதை அம்மாவிடம் சொன்னேன்.

"புள்ள செத்தப்ப அந்த அம்மா உசுரோட இருந்தாளா?" என்று கேட்டார்.

இருந்தார் என்றேன்.