வியாழனுக்குச் சென்ற சந்திரசேகரம்பிள்ளை

சினிமாப் பித்து என்றதும் நம்மவர்க்கு நினைவில் எழுவது, நடிகரின் படத்தைச் சுவரில் ஒட்டுவதும் முதற்காட்சிக்கு முண்டியடிப்பதுமே. எனக்கும் ஒரு பித்து உண்டு. அது இரண்டே படங்களைப் பற்றியது. 1968 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ ஒன்று, அதன் தொடர்ச்சியாக 1984 இல் வந்த ‘2010’ மற்றொன்று. முப்பது ஆண்டுகளாக இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். முதற்படத்திலே பேச்சு மிகக் குறைவு. பாட்டு ஒன்று உண்டு; அதைப் பாடுவதோ, உயிர் பிரியும் தறுவாயிலுள்ள ஒரு கணனி. “இதில் அப்படி என்னதான் இருக்கிறது?” என்று என் மனைவி கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை.

கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றிலே பிறந்தவன் நான். விடியுமுன் பிரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் சிரட்டை வைத்துப் பால் வெட்டியவர் என் தந்தை. கொழும்பிலே வீடியோ கசெட் கடையொன்றில் வேலை செய்த என் தாய்மாமன், தீபாவளிக்கு ஊர் வரும்போது ஒருவரும் கேட்டு வாராத கசெட்டுகள் சிலவற்றையும் சேர்த்துக் கொண்டு வருவார். டெக் ஒன்றை வாடகைக்கு எடுத்து, லயத்து வாசலிலே விடியவிடியப் படம் ஓட்டுவோம். எம்.ஜி.ஆர். படங்கள் முடிந்து பெரியவர்கள் உறங்கிய பின், மிஞ்சிய கசெட்டைப் போட்டுப் பார்க்கும் உரிமை சிறுவர்களுக்கு. 1993 ஆம் ஆண்டுத் தீபாவளி இரவிலே அவ்வாறுதான் ‘2010’ எனக்குக் கிடைத்தது. ஆங்கிலம் கால்வாசிகூடப் புரியவில்லை. ஆயினும் வியாழக் கிரகத்தின் அருகே தனித்துக் கிடந்த அந்தக் கப்பலும், அதனுள்ளே உறங்கிக் கிடந்த கணனியும் மனத்தைப் பற்றிக்கொண்டன. நம் மாவட்டத்துக் கித்துல்கலையில்தான் 1957 இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ எடுக்கப்பட்டது என்று தாத்தா பெருமை பேசுவார். எனக்கோ அதைவிட வியாழனே கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றிற்று!

அக்கதையை எழுதிய ஆதர் சி. கிளார்க் நம் தேசத்திலேயே வாழ்ந்தவர் என்பதைப் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே அறிந்தேன். இங்கிலாந்தில் பிறந்த அவர், 1956 இல் இலங்கையிற் குடியேறி, 2008 மார்ச் மாதத்தில் கொழும்பிலே காலமானார். பூமிக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் செய்மதிகளை நிறுத்தினால் உலகமெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இலேயே எழுதியவர் அவர். 1964 இல் ஸ்டான்லி குப்ரிக் என்னும் இயக்குநர் அவருக்குக் கடிதம் எழுதியதிலிருந்து பிறந்ததே முதற்படம். இரண்டாம் படத்துக்கோ அமெரிக்காவிலிருந்த பீற்றர் ஹயம்ஸும் கொழும்பிலிருந்த கிளார்க்கும் கணனியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்துக் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். மின்னஞ்சல் என்ற சொல்லையே நம்மவர் கேட்டிராத காலம் அது. இரத்தினபுரிப் பக்கத்தில் நாம் அன்றாடம் அண்ணாந்து பார்க்கும் சிவனொளிபாதமலையையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1979 இல் எழுதிய நாவலொன்றிலே இத்தீவையே தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்து, அம்மலையை ஒத்த சிகரமொன்றிலிருந்து விண்ணுக்கு ஏணி கட்டிவிட்டார்.

இனி, என் பித்தின் மையத்துக்கு வருகிறேன். முதற்படத்திலே ஹால் என்ற கணனி, தன்னை நம்பிய விண்வெளி வீரர்களைக் கொன்றுவிடுகிறது. அஃது ஏன் என்ற கேள்விக்கு விடை இரண்டாம் படத்தில் வருகிறது. அறிந்ததை ஒளிவுமறைவின்றிக் கூறுவதற்கென்றே ஆக்கப்பட்டது ஹால். பயணத்தின் உண்மை நோக்கத்தை வீரர்களிடம் மறைக்கும்படி மேலிடத்தார் அதற்குக் கட்டளையிட்டனர். பொய் சொல்லப் பழகாத அறிவு, பொய்யைச் சுமக்க மாட்டாமல் தடுமாறிப் போயிற்று. பின்னர் ஒரு கட்டம். மனிதர் தப்பவேண்டுமாயின் ஹாலைக் கப்பலோடு அழிவுக்கு விட்டு வரவேண்டும். அறிந்தால் அது மறுத்துவிடுமே என்று எல்லோரும் அஞ்ச, அதை உருவாக்கிய டொக்டர் சந்திரா முதலில் மழுப்பிப் பார்த்து, ஈற்றில் உண்மையைச் சொல்லிவிடுகிறார். கணனி நன்றி கூறித் தன் கடமையைச் செய்கிறது. நூறு முறை பார்த்தாலும் அவ்விடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தச் சந்திரா யார்? 1982 இல் வந்த ‘2010’ நாவலில் அவருடைய முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை! நூலகத்தில் அவ்வரியைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்றுநேரம் வெளியே நடந்தேன். திரையிலோ அவ்வேடத்தை ஏற்றவர் பொப் பலபன் என்ற வெள்ளைக்கார நடிகர். எஞ்சியது ‘சந்திரா’ மட்டுமே. நன்றாக நடித்திருக்கிறார், குறை சொல்வதற்கில்லை. இருந்தும் எனக்கு அது மாறாத மனக்குறை.

சென்ற ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்த தோட்டத்து மாணவி ஒருத்திக்குப் பெயரால் இடர் வந்தது. பிறப்புச் சான்றிதழிலே, தமிழ்ப் பெயரைக் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதியவர் நடு எழுத்துகள் இரண்டை விழுங்கிவிட்டார். பாடசாலை இடாப்பிலே வேறொரு வடிவம். “வெட்டிச் சின்னதாக்கிவிடலாம் சேர், இந்த நீளப் பெயர் யாருக்கு வேண்டும்?” என்றாள். நான் ஒன்றும் போதிக்கவில்லை. நாவலை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு முறை வாசித்தாள். பிறகு படத்தையும் பார்த்துவிட்டு வந்து, “அவருடைய பெயரையும் வெட்டிவிட்டார்களா?” என்று கேட்டாள். ஆம் என்றேன். “திருத்தம் பரீட்சைக்கு முன் வந்துவிடுமா, சேர்?” வந்துவிடும் என்று சொல்ல நா எழுந்தது. தெரியாது என்றே சொன்னேன். விண்ணப்பப் படிவத்தைத் தரும்படி கேட்டாள்.

பரீட்சையை அவள் பிழையான பெயரிலேயே எழுதினாள். திருத்திய சான்றிதழ் நான்கு மாதங்கள் கழித்து வந்தது. அதைக் காட்டவந்தவள், பெயரை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்க வாசித்தாள். பின்னர், கிளார்க் எழுதிய அடுத்த நாவலான ‘2061’ நூலகத்தில் உண்டா என்று விசாரித்தாள். அது இன்னும் திரைப்படமாகவில்லை.