மணிக்கட்டில் 86, மார்பில் 112

மதுரையில் ஓர் இதய நோய் புறநோயாளிகள் பிரிவு. பெரியப்பாவின் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரில் நாடித்துடிப்பு 91, 78, 97 என நிலைகொள்ளாமல் மாறுகிறது. கைக்கடிகாரமோ 84 என்கிறது. அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கின்றன. "எதைத்தான் நம்புறது சிஸ்டர்?" என்று கேட்டார்.

"இருங்க ஐயா, எண்ணிப் பாத்துருவோம்" என்று செவிலியர் அவர் நாடியைப் பிடித்தார். மருத்துவர் இடது மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். ஒரே நொடியில் தொடங்கி, முழு நிமிடமும் எண்ணினார்கள். நாடி 86. இதயம் 112.

இருவர் எண்ணியதும் சரிதான். இரு துடிப்புகள் நெருங்கி வரும்போது, கீழறை ரத்தத்தால் நிரம்ப நேரம் இருப்பதில்லை. பாதி நிரம்பிய அறை சுருங்கினால், அந்த அலை மணிக்கட்டுக்கு எட்டாமலே போய்விடும். கடிகாரத்தின் பச்சை ஒளியும் தோலடி ரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்க்கிறது. எட்டாத துடிப்பை அது எப்படி எண்ணும்? போதாததற்குச் சில நொடிகளின் சராசரியைத்தான் திரையில் காட்டுகிறது. மார்புப் பட்டை மின்துடிப்பையே பிடிப்பதால் இந்த இழப்பு அதில் குறைவு.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஓர் அம்மாவின் கதை இன்னும் கொடுமை. வீட்டு ஆக்சிமீட்டர் 38 காட்டியிருக்கிறது; இரவெல்லாம் தூக்கமில்லை. இங்கே எடுத்த ஈசிஜியில் 76. ஒவ்வொரு இயல்பான துடிப்பை அடுத்தும் முந்திக்கொண்டு வந்த பலவீனமான துடிப்பைக் கருவி விட்டுவிட்டது. இந்த விவரத்தைக் கருவி விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குக் கோபமே வந்தது.

ஈசிஜி அறையில் தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. பெரியப்பாவின் முகடுகளுக்கு நடுவே ஓரிடத்தில் இரண்டு பெரிய கட்டம், அடுத்ததில் நான்கு. இரு முகடுகளுக்கு இடையிலுள்ள கட்டங்களால் 300-ஐ வகுக்கும் வழக்கமான கணக்கு இங்கே செல்லாது. டெக்னீஷியன் 10 நொடித் தாளில் இருந்த முகடுகளை எல்லாம் எண்ணி ஆறால் பெருக்கினார்.

"கடிகாரத்தைப் பாத்து மாத்திரையைக் கூட்டாதீங்க, குறைக்காதீங்க" என்றார் மருத்துவர் கண்டிப்பாக. நடைப்பயிற்சிக்கும் எண் வேண்டாமாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ வந்தால், திரையில் என்ன இருந்தாலும் உடனே வரச் சொன்னார்.

அடுத்து ஹோல்டர் கருவியை மார்பில் ஒட்டினார்கள். 24 மணி நேரம் ஒவ்வொரு துடிப்பும் அதில் பதிவாகும். மாடிப்படி ஏறிய நேரம், படபடத்த நேரம் எல்லாம் எழுதி வைக்க ஒரு தாளும் கொடுத்தார்கள்.