ரசம் பூசிய வெளிச்சம்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ராஜபாட்டையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீபெரும்புதூர் வருகிறது. உடையவர் அவதரித்த தலம். ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டு ஒரகடத்தை நோக்கித் திரும்பினோமானால், வழியெல்லாம் தொழிற்சாலைகளே. மோட்டார் வண்டிகள், கைப்பேசிகள், கண்ணாடிகள் எனப் பலவகைச் சாமான்கள் இந்தப் பிரதேசத்தில் உற்பத்தியாகின்றன.

கண்ணாடித் தொழிற்சாலையைக் கண்டதும் நம் மனம் பிரெஞ்சு தேசத்துக்குத் தாவுகிறது. 2000-ஆம் ஆண்டில் இங்கே வேலை தொடங்கிய செயின்ட் கோபெய்ன் கம்பெனி, 1665-இல் பதினான்காம் லூயி மன்னர் ஏற்படுத்திய கண்ணாடிச் சாலையின் வழிவந்தது. வெர்சேல்ஸ் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தின் 357 கண்ணாடிகளும் அந்தச் சாலையில் செய்தவையே. மின்சாரம் இல்லாத காலம் அல்லவா? ஏற்றிய ஒவ்வொரு மெழுகுவத்தியையும் கண்ணாடி இரண்டாக்கிக் காட்டிற்று.

அடுத்த நூற்றாண்டில், 1748-இல் பாம்பேயி நகரத்தைத் தோண்டத் தொடங்கிய பிறகு, பழைய ரோமாபுரியின் தூண்களையும் ஜாடிகளையும் போல மெழுகுவத்தித் தண்டுகள் செய்வது ஐரோப்பாவில் நாகரிகமாயிற்று. ஜாஸ்பர், போர்பிரி முதலிய கடினமான வண்ணக் கற்களைக் கடைந்து, வெண்கலப் பூவேலைகளைப் பொருத்தி, அவற்றுக்குத் தங்க முலாம் பூசினார்கள். இவ்வேலையில் ஈடு இணையற்றவர் பாரிஸ் நகரத்துப் பியேர் குத்தியேர்.

அந்த முலாம் எப்படி ஏறியது? பொன்னைப் பாதரசத்தில் கரைத்து, வெண்கலத்தின் மேல் தடவி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் போய்விடும், பொன் தங்கும். அந்த விஷ ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கிற்று, பல் ஆடிற்று, பலருக்கு ஆயுளும் குறைந்தது. அக்காலத்துக் கண்ணாடியின் முதுகிலும் வெள்ளீயத்தோடு பூசியது பாதரசமே. நாம் இன்றும் ‘ரசம் போன கண்ணாடி’ என்கிறோமே, அந்த ரசந்தான் இது! குத்தியேரின் கதையும் சோகமானதே. சீமாட்டி துபாரிக்குச் செய்த வேலைக்குப் பெருந்தொகை பாக்கி நின்றது. 1813-இல் அவர் வறுமையில் மாண்டார்.

இப்போது கண்ணாடிக்கு வெள்ளி பூசுகிறார்கள். முலாம் பூச மின்சாரம் இருக்கிறது. ஆனால் பளபளக்கும் பண்டத்தைப் பார்க்கிறவர்கள் அதைச் செய்தவரை மறந்துவிடும் வழக்கம் மட்டும் மாறவில்லை. ஒரகடம் சாலையில் வேலை முறை மாறும் நேரத்தில், பஸ் பஸ்ஸாக இளைஞர்களும் பெண்களும் வந்து இறங்குகிறார்கள். அவர்களில் பலர் தொலைதூர ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள். தேசத்தின் தொழில் வளத்தைக் கண்டு நாம் பெருமைப்படுவது நியாயமே. அந்தக் கைகளுக்கு நல்ல கூலியும் நோயற்ற வேலையிடமும் உண்டா என்று விசாரிப்பதும் நம் கடமையே.