ஜெலாப்பாங் இறக்கமும் ஓர் அளவு நாடாவும்

பேராக் லோரிக்காரர்களுக்கு ஜெலாப்பாங் என்றால் முதலில் இறக்கம்தான். மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டியதும் ஈப்போ நோக்கி வண்டி சரியத் தொடங்கும். அடிவாரத்தில் ஒரு காலத்தில் டோல் சாவடி இருந்தது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லோரிகள் அங்கே மோதிய கதைகள் ஊரில் ஏராளம். சாவடியை எடுத்துவிட்டார்கள், இறக்கத்தை என்ன செய்வது?

2025 ஜூன் 9 அன்று கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். விபத்து நடந்த இடத்தில் யார் யார் எதை எதைப் பார்க்கிறார்கள் என்று அப்போது யோசித்தேன். அதைக் கேட்க, ஜெலாப்பாங்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற போக்குவரத்து போலீஸ் சார்ஜன் ஒருவரிடம் நண்பர் அழைத்துப் போனார். சார்ஜன் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை.

"கொலை நடந்த வீட்டுக்குக் கதவு இருக்கு தம்பி, பூட்டிடலாம். எங்க இடத்துக்குக் கதவு ஏது? மழை வரும், பின்னாலேயே இன்னொரு வண்டி வரும்."

சட்டப்படி விபத்து நடந்த இடமும் குற்றம் நடந்த இடமாகலாம். ஆபத்தாக ஓட்டி உயிரைப் போக்கினால் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆம் பிரிவு பாயும்.

எதைக் கேட்டாலும் அவர் அளவு நாடாவுக்கே வந்து நின்றார். நகராத ஒன்றை முதலில் பிடிக்க வேண்டும்: விளக்குக் கம்பம், கிலோமீட்டர் கல். சக்கரத் தடம், கண்ணாடிச் சில்லு, எண்ணெய்க் கறை எல்லாம் அதிலிருந்து இத்தனை மீட்டர். வறண்ட சமதளத் தார்ச்சாலையில் சக்கரம் பூட்டி 20 மீட்டர் தேய்ந்து நின்றிருந்தால் வேகம் ஏறத்தாழ மணிக்கு 60 கிலோமீட்டர். வேகம் இரட்டித்தால் தடம் நான்கு மடங்கு நீளும். இறக்கத்தில் அதே தடத்துக்கு வேகம் குறைவு. சாய்வை அளக்காதவன் கணக்கு ஓட்டுநர் தலையில் விடியும்.

மற்றவர்கள் பிறகுதான். பிரேக்கை வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோம் சோதிக்கும். ஓட்டியது யார் என்பதை மருத்துவமனையில் தடயவியல் மருத்துவர் சொல்வார்: நம் நாட்டில் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்கும் இருக்கை வார்த் தழும்பு ஓட்டுநருடையது. விளக்கு எரிந்ததா என்பதற்கு உடைந்த பல்பே சாட்சி. எரியும்போது கண்ணாடி உடைந்தால் சூடான டங்ஸ்டன் இழை காற்றுப்பட்டு நிறம் மாறும். அணைந்திருந்தால் பளபளப்பாகவே இருக்கும். எல்இடி விளக்கில் இழையே இல்லை. சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் வந்தபின் தடமும் மங்கிவிட்டது. சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மிரோஸின் ஆய்வாளர்கள் போடும் கணினிக் கணக்கையும் நண்பர் விளக்கினார். அதில் பாதி எனக்கு ஏறவில்லை.

"டோ லோரிக்காரனுக்கு முன்னால நாங்க போய்ச் சேர்ந்தாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி," என்றார் சார்ஜன்.

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். போலீசுக்கு முன்னே வந்து, வண்டியை இழுத்து, தடத்தை மிதித்து அழிப்பவன் ஒருவன். மருத்துவமனை வாசலில் துக்க வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி, இழப்பீட்டில் பங்கு பேசுபவன் இன்னொருவன். கொட்டும் மழையில் முழங்காலிட்டு அளந்தவருக்கு மாதச் சம்பளம். அந்த அளவை விற்றுத் தின்பவருக்குப் பங்கு! அந்த அளவுகளைக் கொண்டு போலீஸ் வரையும் 'ராஜா காசார்' எனும் விபத்து இட வரைபடத்தைக் குடும்பத்தாரே போலீசில் கட்டணம் கட்டி வாங்கலாம். வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நேர்ந்த விபத்து என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ இருக்கிறது; அதற்கு விண்ணப்பிக்கவும் தரகர் வேண்டாம்.