வந்த வழியே திரும்பும் பணம்

'எளிதாகத் திருப்பி அனுப்பலாம்' என்று எல்லா ஆப்களும் சொல்கின்றன. அந்த 'எளிதாக' யாருக்கு என்பது ஏற்காட்டில் உட்கார்ந்து பார்த்தால் கொஞ்சம் விளங்கும்.

சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒண்டிக்கடை, ஏரிப் பக்கம் என்று ஊருக்குள் இருப்பவர்களுக்குப் பார்சல் வீடு தேடி வரும். நாகலூரிலோ செம்மநத்தத்திலோ கொட்டச்சேட்டிலோ இருந்தால் பார்சல் 'பக்கத்தில்' வரும். பக்கத்தில் என்றால் பேருந்து நிற்கும் இடத்து டீக்கடை, தெரிந்த மளிகைக்கடை, இல்லாவிட்டால் என் தையல் கடை. சேர்வராயன் மலை முழுக்க அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பைக்கில் ஏறி இறங்கச் சொல்லி அந்தப் பையன்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி, பெட்ரோல் அவர்கள் காசு. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். வாங்கும்போது எப்படியாவது மலையேறி வந்துவிடும் பொருள், திருப்பி அனுப்ப நினைத்தால் மட்டும் 'உங்கள் பின்கோடில் பிக்கப் வசதி இல்லை' என்று சொல்லிவிட்டு இங்கேயே குடியிருந்துவிடும்.

ஆன்லைன் வந்தால் தையல்காரிக்கு வேலை போய்விடும் என்றார்கள். போகவில்லை, வேறு வேலையாக மாறியது. இப்போது என் கடைக்கு வருவதில் பாதி, பார்சலில் வந்த துணிதான். நைட்டியின் தோளைப் பிடிக்க வேண்டும், குர்த்தியின் கைக்குழியை வெட்டி விட வேண்டும், 38 என்று போட்டு 34 அளவில் வந்த ரெடிமேட் ப்ளவுஸைப் பிரித்துத் தைக்க வேண்டும். முந்நூற்றைம்பது ரூபாய் நைட்டிக்கு அறுபது ரூபாய் எனக்குக் கூலி. வருமானம்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கேட்பேன், "ஏன் ரிட்டர்ன் போடல?"

"ஏழு நாள் முடிஞ்சுபோச்சுக்கா." "டேக்கைப் பிச்சுட்டேன்." "கவரை அடுப்புல போட்டுட்டேன்." இவற்றைவிட அதிகம் கேட்கும் பதில் வேறு: "அவங்க போன் பண்ணினப்போ நான் காட்டுல இருந்தேன்."

நவம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். காலையில் தோட்டத்துக்குள் இறங்கினால் சாயங்காலம்தான் மேலே வருவார்கள். உள்ளே சிக்னல் கிடையாது. பொருளை எடுத்துப்போகிறவர் பதினொரு மணிக்குக் கூப்பிடுவார். போன் எடுக்காவிட்டால் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று பதிந்துவிட்டுப் போய்விடுவார். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் ரிட்டர்னே ரத்தாகிவிடும். பகல் முழுக்க வீட்டில் ஒருவர் இருப்பார், அவருக்கு வேறு வேலை இருக்காது என்ற கணக்கில் செய்த ஏற்பாடு இது. அந்த ஒருவர் பெண் என்று எங்கும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

சென்ற ஆண்டு தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் மழைக்கோட்டு வாங்கினார். தொள்ளாயிரம் ரூபாய். வாரக்கூலியில் எடுத்துவைத்த காசை மகனிடம் நோட்டாகக் கொடுத்தார். முன்கூட்டிப் பணம் கட்டினால் தள்ளுபடி என்பதால் மகன் தன் கணக்கிலிருந்து கட்டினான். வந்த கோட்டு முழங்கால்வரை தொங்கியது, கை நீளம், ஆண்களுக்கான அளவு. ஆர்டர் போட்டது பெண்கள் அளவு. அவராகவே ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வீட்டிலிருந்து, பொருளைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த ரசீதைப் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்தார்.

இரண்டு மாதம் கழித்து என் கடைக்கு வந்து, "அந்தக் கம்பெனி என்னை ஏமாத்திருச்சு பாப்பா, இன்னும் காசே வரல, ஒரு கம்ப்ளைன்ட் எழுதிக் குடு" என்றார். மகனின் போனை வாங்கிவரச் சொல்லிப் பார்த்தேன். பொருள் போன ஆறாம் நாளே முழுப் பணமும் திரும்பியிருந்தது, மகனின் கணக்குக்கு. செய்தியும் மகனின் போனுக்குத்தான். அவன் திருடவில்லை, ரீசார்ஜ் செய்தான், வண்டிக்குப் பெட்ரோல் போட்டான், வீட்டுக்கு அரிசிகூட வாங்கினான். "வீட்டுக்குத்தானேம்மா செலவு பண்ணேன்" என்றான். அக்கா எதுவும் சொல்லவில்லை. அந்த மழைக்காலத்துக்கு உரச்சாக்கைத்தான் மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

கம்பெனியைக் கேட்டால், பணம் எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே திரும்பும், அதுதான் பாதுகாப்பு என்பார்கள். மோசடியைத் தடுக்க அது தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விதி, கட்டியவர் வேறு, பணத்துக்கு உரியவர் வேறு என்று ஒரு வீடு இருக்கும் என்பதை யோசித்ததே இல்லை. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான். பெண் காசாகக் கொடுக்கிறாள், ஆணின் போனில் பணம் போகிறது. பொருள் சரியாக வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. திரும்பி வரும்போதுதான் அந்தக் காசு யாருடையதாக ஆகியிருக்கிறது என்பது தெரிகிறது.

என் அம்மா காலத்தில் வி.பி.பி. இருந்தது. 1877 முதலே இந்திய அஞ்சல் துறையில் உள்ள ஏற்பாடு. தபால்காரரிடம் காசைக் கொடுத்தால்தான் பார்சல் கைக்கு வரும், பிரித்துப் பார்ப்பது அதற்குப் பிறகு. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வாங்கி ஏமாந்த கதைகள் அம்மாவிடம் நிறைய உண்டு. அதை நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காசு அம்மாவின் கையிலிருந்துதான் போனது, திரும்ப வருவதாக இருந்தால் அந்தக் கைக்குத்தான் வர வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

என் சொந்த வழக்கு தையல் மெஷின் மோட்டார். விலை 1,780 ரூபாய், கிட்டத்தட்டப் பன்னிரண்டு லைனிங் ப்ளவுஸ் கூலி. பெடலை மிதித்தால் உறுமும், சுற்றாது. வாங்கும்போது 'ஏழு நாளில் ரிட்டர்ன்' என்று இருந்தது. பிறகு பார்த்தால் அது 'மாற்றித் தரப்படும்' என்பதாம், பணம் தருவது அல்லவாம். மாற்றுவதற்கு டெக்னீஷியன் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். டெக்னீஷியன் எங்கள் பின்கோடுக்கு வர மாட்டார். சரி, என்ன செய்வது என்றால், நீங்களே கூரியரில் அனுப்புங்கள் என்றார்கள். சேலத்துக்குக் கொண்டுபோய் 240 ரூபாய் கட்டி அனுப்பினேன். பொருள் கிடைத்ததும் ஆப்பின் வாலட்டில் பணத்தைப் போடுகிறோம், அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த முறையா! அவர்களிடமேயா!

"ஆயிரத்து எழுநூறுக்கு இவ்வளவு மல்லுக்கட்டணுமா, விட்டுத் தொலை" என்றார் வீட்டுக்காரர். அவர் வாங்கிய செல்போன் பழுதானபோது இரண்டு நாள் லீவு போட்டுச் சேலத்தில் அலைந்தவர்தான். நான் விடவில்லை. படித்தேன். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன், உங்களுக்கும் உதவலாம்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் மின்வணிகத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தாலோ, விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது, பணத்தைத் தரவும் மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் ஆப்பில் போட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சேலத்துக் கடை பில்களில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருப்பார்களே, அதுவும் பழுதான பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் போடாமலிருந்தால் முப்பது நாள் என்று சட்டமே சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் வேறு. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ, பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். இப்போது வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. கம்பெனி எந்தப் பெருநகரத்தில் இருந்தாலும் சேலத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். அவர்களும் ஒருமுறை பயணம் செய்யட்டுமே.

வழக்குவரை போகவில்லை. குறைதீர் அலுவலருக்கு எழுதினேன், நான்காம் நாள் பதில் வந்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிந்தேன். இருபத்தாறாம் நாள் 1,780 ரூபாய் என் கணக்குக்கு வந்தது. கூரியர் செலவு வரவில்லை.

இந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பொருள் சொன்னபடி வந்து, உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால் சட்டம் எதுவும் சொல்வதில்லை. அது கம்பெனியின் பெருந்தன்மை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பொருளைப் பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், பிரித்துவிட்ட சுகாதாரப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர. நமக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. சட்டை வாங்கும் ஆணைவிட ப்ளவுஸ், பிரா, குர்த்தி வாங்கும் பெண்ணுக்குத்தான் இந்த இடைவெளி அதிகம் வலிக்கும். அளவு அட்டையில் உள்ள உடம்பு எங்கள் ஊரில் எவருக்கும் இல்லை.

அதிலும் உள்ளாடை. கடையில் ஆண்களிடம் அளவு சொல்லிக் கேட்கக் கூசித்தான் பெண்கள் ஆன்லைனுக்கே போனார்கள். அங்கே 'சுகாதாரக் காரணங்களால் திரும்பப் பெற இயலாது' என்று இருக்கும். சுகாதாரம் நியாயம்தான். ஆனால் 36 கேட்டு 32 வந்தால் அது சுகாதாரப் பிரச்சினை அல்ல, சொன்னபடி பொருள் வராத பிரச்சினை. விதி அதில் உள்ளாடைக்கு விலக்கு தரவில்லை. இதைக் கல்லூரிப் பெண் ஒருத்தியிடம் சொன்னேன். "தெரியும்க்கா. ஆனா ஆப் அப்பா போன்ல இருக்கு" என்றாள்.

இப்போது என் போனில் ஏழெட்டுப் பெண்களுக்கு ஆர்டர் போட்டுக் கொடுக்கிறேன். யார் எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு திரும்பியது என்று ஒரு நோட்டில் எழுதி, பணத்தைக் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்குகிறேன். பார்சல் வரும் நாளில் கடையிலேயே போட்டுப் பார்ப்பார்கள். பிக்கப் போன் எனக்கு வரும், நான் கடையில் இருப்பேன். ஆனால் இது என்றைக்கும் ஓடுகிற ஏற்பாடு அல்ல. என் கணக்கில் ஊரார் பணம் ஏறி இறங்குவதும் நல்லதல்ல.

மழைக்கோட்டு அக்காவுக்குத் தபால் அலுவலகத்தில் கணக்கு இருக்கிறது. அதில் பதிந்திருப்பது மகனின் செல் நம்பர், ஓடிபி அவனுக்குத்தான் போகிறது. தன் பெயரில் ஒரு சிம் வாங்கி வைத்திருக்கிறார், பட்டன் போன்தான். அந்த நம்பரை மாற்றித் தரச் சொல்லி எழுத வேண்டும். வரும் புதன்கிழமை, தோட்டத்தில் அரைநாள் விட்டால், போவதாக இருக்கிறோம்.